எட்டுக்குப் பத்து அறையும் ஆறேகால் அடிக் கட்டிலும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல்யாணங்களில் கட்டிலை வாங்குவது பெண் வீடு. அது போய்ச் சேரும் அறை இருப்பதோ மாப்பிள்ளை வீட்டில். மண்டபத்தில் பீரோ, மெத்தை, குத்துவிளக்கு, பாத்திரம் என்று சீர்வரிசை அடுக்கியிருக்கும்போது ஐந்தடி அகலத் தேக்குக் கட்டில் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் அறைக் கதவு முழுசாகத் திறக்கவில்லை, பீரோவுக்கு இடமில்லை, ஜன்னல் பாதி மறைந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். பெண்ணைப் பெற்றவர்கள் வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதில் வாங்கிய பொருள் அவளுக்கே தினமும் முழங்காலில் இடிப்பது வேதனையான விஷயம்.

சீர் கேட்டு வாங்குவது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பெற்றவர்கள் தாமாக மனமுவந்து கொடுக்கும் கட்டிலைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்படிக் கொடுப்பதென்றால், கடைக்குப் போகும் முன் ஓர் அளவு டேப் அந்த அறைக்குப் போய்வர வேண்டும். சம்பந்தி வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் பெண்ணே மாப்பிள்ளையிடம் போனில் கேட்டுவிடலாம். அறையின் நீளம், அகலம், கதவு எந்த மூலையில், எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எங்கே, பீரோ எங்கே நிற்கப்போகிறது ஆகிய ஆறும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சொந்தமாக வீடு கட்டுபவர்களுக்கும் இதே பேச்சுதான். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு மொத்தமே 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. இதற்குள் கூடம், சமையலறை எல்லாம் போக, படுக்கையறைக்கு எட்டுக்குப் பத்து கிடைத்தாலே பெரிது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இரண்டு அறை உள்ள வீட்டில் சிறிய அறைக்குக் குறைந்தபட்ச அகலமாக 2.1 மீட்டரைச் சொல்கிறது. அடிக்கணக்கில் அது ஏழடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஏழடி, எட்டடி அகல அறையை ஏதோ குறைபாடு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் ஊர்களில் பெரும்பாலான குடும்பங்கள் படுக்கும் அறை அதுதான். அந்த அறைக்கு ஏற்ற கட்டிலைக் கேட்டு வாங்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

அளவு

பிளானில் எட்டுக்குப் பத்து என்று போட்டிருந்தாலும் அறைக்குள் அது அப்படியே இருக்காது. செங்கலிலிருந்து செங்கலுக்கு எட்டடி என்றால் இரண்டு பக்கமும் பூச்சு அரை அரை அங்குலம் தின்னும். அடியில் டைல் ஸ்கர்ட்டிங் ஒட்டியிருந்தால் அங்கே இன்னும் குறையும். எனவே தரையோரம் ஒரு தரம், இடுப்பு உயரத்தில் ஒரு தரம் அளந்து, குறைவாக வந்ததை எழுதிக்கொள்ளுங்கள். சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு கோடியிலும் அளந்து பாருங்கள்.

அடுத்து கட்டில். விழுப்புரம் நேருஜி சாலையில் கேட்டாலும் திண்டிவனம் நேரு வீதியில் கேட்டாலும் கடைக்காரர் சொல்லும் அளவுகள் இவைதான்: ஆறேகாலுக்கு மூன்று, ஆறேகாலுக்கு நாலு, ஆறேகாலுக்கு ஐந்து, ஆறேகாலுக்கு ஆறு. இவை மெத்தை உட்காரும் அளவு. கட்டிலின் வெளியளவு இதைவிடப் பெரிது. பக்கச் சட்டங்கள் இரண்டும் சேர்ந்து அகலத்தில் மூன்று அங்குலம் கூட்டும். தலைமாட்டுக் காலும் கால்மாட்டுக் காலும் நீளத்தில் நான்கு அங்குலம் கூட்டும். கடைசல் வேலை செய்த தடித்த கால் என்றால் இன்னும் அதிகம். ஆக, நாலடிக் கட்டில் தரையில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 6 அடி 7 அங்குலத்துக்கு 4 அடி 3 அங்குலம். ஐந்தடிக் கட்டிலுக்கு 6 அடி 7 அங்குலத்துக்கு 5 அடி 3 அங்குலம். கடையில் விலை கேட்கும் முன் வெளியளவைக் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் நீங்களே டேப்பை வைத்துப் பாருங்கள்.

இப்போது கணக்குப் போடலாம். அறை எட்டுக்குப் பத்து. நாலடிக் கட்டிலை நீளச் சுவரோடு சேர்த்துப் போட்டால் எதிர்ப்பக்கம் 3 அடி 9 அங்குலம் மிஞ்சும். எதிர்ச் சுவரில் பீரோ நிற்கிறது என்று வையுங்கள். மூன்றடி அகல இரும்பு பீரோவின் ஆழம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல், சுமார் 19 அங்குலம். அதைக் கழித்தால் 2 அடி 2 அங்குலம். பீரோக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. திறக்கும், ஆளும் நிற்கலாம். இதே அறையில் ஐந்தடிக் கட்டிலைப் போட்டால் மிஞ்சுவது 2 அடி 9 அங்குலம். பீரோ போக 1 அடி 2 அங்குலம். பீரோக் கதவு கட்டிலில் இடித்து நின்றுவிடும். புடவை எடுக்க ஒவ்வொரு முறையும் மெத்தைமேல் மண்டியிட வேண்டியதுதான்.

ஐந்தடிதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் பீரோவைக் கால்மாட்டுப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். பத்தடி நீளத்தில் கட்டில் போக 3 அடி 5 அங்குலம், பீரோ போக 1 அடி 10 அங்குலம். கதவு திறக்கும், நெருக்கம்தான், ஆனால் முடியும். அறைக் கதவும் அதே மூலையில் இருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அறைக்கதவு இரண்டரை அடியோ மூன்றடியோ கால்வட்டம் அடித்துத் திறக்கும் இடத்தில் எந்தப் பொருளும் வரக் கூடாது. ராத்திரி இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டி வந்தால் அந்தக் கதவு ஒரே தள்ளலில் முழுசாகத் திறக்க வேண்டும்.

ஏழடி அகல அறையில் ஐந்தடிக் கட்டிலை நீளவாக்கில் போட்டால் மிஞ்சுவது 1 அடி 9 அங்குலம். அதில் ஒரு ஆள் நடக்கலாம்; கையில் துணிக்கூடை இருந்தால் சிரமம். நாலடி போட்டால் 2 அடி 9 அங்குலம் கிடைக்கும். என்னைக் கேட்டால் ஏழடி அறைக்கு நாலடிதான் உச்ச அளவு. இரண்டு பேருக்கு நாலடி போதுமா என்று கேட்பீர்கள். ரயிலில் தூங்கும் படுக்கை ஏறக்குறைய இரண்டடி அகலம்தான். விழுப்புரம் சந்திப்பைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட இரண்டு படுக்கை சேர்ந்தால் நாலடி. கணவன் மனைவிக்குத் தாராளம் என்று சொல்ல மாட்டேன், போதும். நடுவில் ஒரு கைக்குழந்தை என்றால் போதாது. அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு மட்டும் தரையில் இலவம்பஞ்சு மெத்தை விரித்துப் படுப்பது கட்டிலைவிட மேல். குழந்தை உருண்டு விழும் பயமும் இல்லை.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் குறுக்கிடுவார்: “அஞ்சடியே போட்டுடுங்க சார், பின்னாடி பிள்ளைங்க வரும், திரும்ப மாத்த முடியாது.” அவர் சொல்வதில் அக்கறையும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஐந்து வயதுக்கு மேல் அந்தக் கட்டிலில் படுக்கப்போவதில்லை. கட்டில் முப்பது வருஷம் அங்கேயே கிடக்கும். அத்தனை காலமும் மிஞ்சிய தரையில்தான் நீங்கள் நடக்க வேண்டும், கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும்.

குறுக்கே போடுவது

ஒடுங்கிய அறைக்குப் பலரும் யோசிக்காத வழி ஒன்று உண்டு. கதவுக்கு எதிர்க்கோடியில், கடைசிச் சுவரை ஒட்டிக் கட்டிலைக் குறுக்கே போடுவது. ஏழடி அகலத்தில் 6 அடி 7 அங்குலக் கட்டில் போய் உட்கார்ந்தால் ஐந்து அங்குலம்தான் மிச்சம். ஆனால் பத்தடி நீளத்தில் ஐந்தடி மூன்று அங்குலத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஏழடிக்கு 4 அடி 9 அங்குலத்தில் ஒரே செவ்வகமாகத் தரை கிடைக்கும். பீரோ வைக்கலாம், குழந்தை உட்கார்ந்து படிக்கலாம், மாமியார் ஊரிலிருந்து வந்தால் ஒரு பாய் விரிக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. சுவரோரம் படுப்பவர் எழுந்து போக மற்றவரைத் தாண்ட வேண்டும். விழுப்புரத்தில் ரயில்வேயிலும் பேருந்துப் பணிமனையிலும் வேலை செய்பவர்கள், முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர்கள் என்று அர்த்தராத்திரியில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் நேரம் தப்பி வருபவர் வெளிப்பக்கம் படுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர், கர்ப்பிணி, முழங்கால் வலி உள்ளவர் யாரும் சுவரோரம் படுக்கக் கூடாது. அறை எட்டடி அகலம் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். கால்மாட்டுக்கு அப்பால் 17 அங்குலம் கிடைக்கும். கட்டிலைக் கடைசிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் உள்பக்கம் படுப்பவர் ஒருக்களித்தாவது அந்த வழியே போய்வரலாம்.

குறுக்கே போடும்போது தலை எந்தத் திசையில் வருகிறது என்ற கேள்வி வரும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் ஆழமான நம்பிக்கை. அதை நீங்கள் பொருட்படுத்தாவிட்டாலும் வீட்டுப் பெரியவர்கள் பொருட்படுத்துவார்கள். தலைமாடு உயரமாகவும் கால்மாடு தாழ்வாகவும் உள்ள கட்டிலை வாங்கிவிட்டால் பிறகு திருப்பிப் போட ஜன்னலும் கதவும் விடாது. அதனால் திசையை முதலில் தீர்மானித்துவிட்டு, தலைமாடு எந்தச் சுவரில் வரும் என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஜன்னல் கட்டை பொதுவாகத் தரையிலிருந்து மூன்றடி. நாலடி உயரத்துக்கு மயிலும் தாமரையும் செதுக்கிய தலைமாட்டுப் பலகை ஒரு அடிக் காற்றை அடைத்துவிடும். மே மாதம் கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்தவர்களுக்கு அந்த ஒரு அடியின் அருமை தெரியும். ஒடுங்கிய அறைக்குத் தாழ்ந்த, இடைவெளி விட்ட சட்டத் தலைமாடுதான் பொருத்தம். கால்மாட்டுப் பலகையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீளத்தில் இரண்டு அங்குலம் மிச்சமாகும், போகவர இடுப்பிலும் இடிக்காது.

எல்லாம் முடிவான பிறகும் பணம் கட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் கோலமாவை எடுத்து, அறைத் தரையில் கட்டிலின் வெளியளவுக்கு நான்கு கோடு போடுங்கள். பீரோவுக்கும் அப்படியே. ஒருநாள் முழுதும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் புழங்கிப் பாருங்கள். கதவைத் திறங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், துணி மடியுங்கள், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்வாருங்கள். எங்கே கோடு அழிகிறதோ அங்கே கட்டில் இடிக்கும்.

காலும் பலகையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையை மூடியது; விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் ஏறியதால் ரயில்கள் நின்றன. வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் தரைமட்டத்தில் இருந்த எதையும் விடாது. அதில் மோசமாகக் கெடுவது பெட்டிக் கட்டில். கடைகளில் பாக்ஸ் கட்டில், ஸ்டோரேஜ் கட்டில் என்று விற்கும் வகையைச் சொல்கிறேன். இவற்றில் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. தண்ணீர் பட்டால் ஊதிப் பொரிந்து, திருகாணி பிடிக்காமல் உதிரும். காய்ந்தாலும் பழையபடி ஆகாது.

இடமில்லாத அறையில் கட்டிலுக்கடியில் சாமான் வைக்கும் வசதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துக்குக் காலுள்ள கட்டில்தான் சரி. சட்டத்தின் அடிப்புறம் தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். அடியில் தகர டிரங்குப் பெட்டியைத் தள்ளி வைக்கலாம், வெள்ள எச்சரிக்கை வந்தால் இழுத்து மேலே தூக்கலாம், துடைப்பம் உள்ளே போகும், கரையான் ஏறினால் கண்ணில் படும். தரையோடு மூடிய பெட்டிக் கட்டிலில் கரையான் ஏறியது, ஆறு மாதம் கழித்து உள்ளே வைத்த பட்டுப்புடவையை எடுக்கும்போதுதான் தெரியும். பெட்டிக் கட்டில்தான் வேண்டும் என்பவர்கள் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். இழுப்பறை வகை ஒடுங்கிய அறைக்கு ஒத்துவராது. அதை இழுக்கவே இரண்டடி வேண்டும். மெத்தையோடு மேல்பலகையைத் தூக்கும் வகைதான் தேவலை.

கட்டிலின் உயரத்தை மெத்தையோடு சேர்த்துப் பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றரை அடி. பெரியவர்கள் எழுந்துகொள்ளச் சுலபமாக இன்னும் ஒன்றிரண்டு அங்குலம் கூட இருக்கலாம். எட்டங்குல மெத்தையை வாங்கிவிட்டுப் பிறகு கட்டில் ஏற முக்காலி தேடக் கூடாது.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, தேக்கின் பெருமையை எல்லோரும் அறிவார்கள். பட்ஜெட் இடிக்கும்போது வேம்பு, பூவரசு, வாகை, பலா எல்லாமே நல்ல கட்டிலாகும். எந்த மரமானாலும் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று ஆசாரியிடம் கேளுங்கள். வெளிறிய வெள்ளைப் பகுதிதான் முதலில் உளுத்து மாவாகக் கொட்டும். பாலிஷ் போட்ட பிறகு இரண்டும் ஒரே நிறமாகிவிடும். ஆகவே பாலிஷ் போடும் முன் ஒரு தரம் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். “அண்ணே, வெள்ளை இல்லாம பாத்துப் போடுங்க” என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது, பின்னால் போய்ச் சண்டை போடுவதைவிட நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மரத்தைவிட இரும்புக் கட்டிலைச் சொல்வேன். சதுரக் குழாயில் செய்து பவுடர் கோட்டிங் போட்டது, சட்டம் மெலிது. மரக்கட்டிலைவிட அகலத்திலும் நீளத்திலும் ஓரிரு அங்குலம் மிச்சமாகும். ஒடுங்கிய அறையில் அது சின்ன விஷயமில்லை. நட்டு போல்ட்டில் கழற்றும்படி வாங்குங்கள். ஒரே துண்டாக வெல்டு செய்தது மாடிப்படியில் திரும்பாது. வீடு மாற்றும்போது குட்டி யானை வண்டியின் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். கழற்றிய கட்டில் அதில் பீரோவோடு சேர்ந்தே போய்விடும். குழாய் கனமானதா என்று தட்டிப் பார்த்தால் மட்டும் தெரியாது. நடுவில் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். கிறீச்சென்றால் வேண்டாம்.

கட்டிலைச் சுவரிலிருந்து எப்போதும் மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள்; மேலே போட்ட கணக்குகளில் இந்த மூன்று அங்குலத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் மெத்தைக்கு ஏறாது. கொசுவலையும் சுவரோடு ஒட்டாமல் தொங்கும். மேற்குச் சுவர் என்றால் இது இன்னும் முக்கியம், கோடையில் அது ராத்திரி பத்து மணிவரை அனல் விடும்.

அடுக்குக் கட்டில்

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிலும், திண்டிவனம் சிப்காட் பக்கம் இளைஞர்கள் சேர்ந்து எடுக்கும் அறைகளிலும், முண்டியம்பாக்கம் மாணவர் அறைகளிலும் அடுக்குக் கட்டிலைப் பற்றிய பேச்சு வரும். தரை மிச்சமாவது உண்மை. ஆனால் மின்விசிறியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்தடி உயர அறையில் தொங்கும் விசிறியின் இறக்கை ஒன்பதடிக்குக் கீழே சுற்றும். மேல்தட்டு ஐந்தடியில் இருந்தால், அதில் உட்கார்ந்திருக்கும் பையனின் தலை எட்டடியில். கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றினால் விரல் இறக்கையில் படும். விசிறியின் விட்டம் நாலடி. எட்டடி அகல அறையின் நடுவில் அது சுற்றினால் சுவரிலிருந்து இரண்டடியில் இறக்கை வந்துவிடும். கட்டிலோ சுவரிலிருந்து மூன்றடிக்கு நீளும். ஆகவே அடுக்குக் கட்டில் வரும் அறையில் மேல்விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி மாட்டுங்கள். இதில் சமரசமே வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேலே படுக்கவைக்காதீர்கள். மேல்தட்டின் தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்பரப்பிலிருந்து ஐந்து அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். தடித்த மெத்தை போட்டால் அந்தத் தடுப்பே பயனில்லாமல் போகும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் மேல்தட்டில் சித்திரை மாதம் தூங்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சுவரோடு மடித்து நிறுத்தும் கட்டிலும் இப்போது சென்னையிலிருந்து தருவித்துத் தருகிறார்கள். ஒற்றை அறையில் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோக்காரர் வில்லியம் மர்ஃபி 1910-களில் பிரபலமாக்கிய ஏற்பாடு இது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்ட வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர் இருந்தால் யோசிக்கலாம். அதைவிட எளிதாக, பகலில் மடித்துச் சுவரோரம் சாத்தும் நாடாக் கட்டில் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. நாடா தளர்ந்தால் அவிழ்த்து இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஏற்கனவே வந்துவிட்ட கட்டில்

சீராக வந்த ஐந்தடிக் கட்டில் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறதா? விற்றால் பாதி விலைகூட வராது, விற்கப் பெண்ணுக்கு மனமும் வராது. அதை நாலடியாகக் குறைக்கலாம். நல்ல ஆசாரிக்கு இது பெரிய வேலையில்லை. பக்கச் சட்டங்களைத் தொட வேண்டியதில்லை, அவை நீளம் மட்டும்தான். தலைமாட்டுப் பலகையையும் கால்மாட்டுப் பலகையையும் இரண்டு ஓரத்திலும் ஆறாறு அங்குலம் குறைத்து, கால்களை உள்ளே தள்ளித் திரும்பப் பொருத்த வேண்டும். நடுவில் உள்ள செதுக்கல் அப்படியே நிற்கும். ஒரே ஓரத்தில் ஓரடியை வெட்டினால் பூவேலை கோணலாகிவிடும் என்பதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மிஞ்சும் தேக்குத் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு சிறிய தட்டு அடிக்க உதவும்.

மெத்தை காயர் அல்லது ஃபோம் என்றால் வெட்டி, உறையைத் திரும்பத் தைத்துவிடலாம். இலவம்பஞ்சு என்றால் பஞ்சைப் பிரித்து, நாலடி மெத்தை ஒன்றும் இரண்டு தலையணையுமாக அடைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மெத்தையை மட்டும் வெட்ட முடியாது. அது வந்திருந்தால் கட்டிலில் கை வைக்கும் முன் மெத்தையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.